காது வேண்டாதவர்களின் கருவி

ஜனவரி 6, திங்கள்

மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வயிற்றெரிச்சல் மாத்திரைக்கு விளம்பரம். வழக்கமாக வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிடுவேன். இந்த ஆண்டு நானே எழுதலாம் என்று பட்டது. எங்கள் மருத்துவக் கல்லூரியில் நடப்பதை யாராவது பதிந்துவைக்க வேண்டும். வயிற்றெரிச்சல் விளம்பரம் பொருத்தமான அடிக்குறிப்பு.

இன்று துறைத் தலைவர்கள் கூட்டம். தாளாளர் நூற்பாலை நடத்துகிறவர். நூல் அறுந்தால் மணி அடிக்கும் இயந்திரங்களோடு வளர்ந்தவர், மனிதர்களும் அப்படியே என்று நினைக்கிறார். பையிலிருந்து ஒரு வட்டை எடுத்து மேசையில் வைத்தார். கேரம் ஸ்ட்ரைக்கர் அளவு.

"டாக்டர், இது புது ஸ்டெதஸ்கோப்புங்க. இதுல காதே வேண்டாமுங்க. நெஞ்சுல வெச்சாப் போதும், போன்ல படமா வந்துருது. மர்மரெல்லாம் அதுவே புடிச்சுருமாமுங்க."

"மர்மர்னா என்னன்னு தெரியுங்களா உங்களுக்கு?"

"அது நீங்க சொல்லோணும்."

சொன்னேன். இதயத்துக்கு இரண்டு சத்தம். வால்வு கசிந்தால் நடுவே மூன்றாவதாக ஒன்று வரும், யாரோ பக்கத்து அறையில் பெருமூச்சு விடுவதுபோல. அதுதான் மர்மர். அதைக் காதால் பிடிக்கக் கற்றுக்கொள்ளப் பத்து ஆண்டு ஆகும். பொது மருத்துவத் துறையில் இருபத்தாறு ஆண்டுகளாக நான் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

"அந்தப் பத்து வருசம் மிச்சமுங்களே" என்றார்.

வட்டை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம். காது வேண்டாதவர்களின் கருவி. ஊரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை, அதனால் நன்றாக விற்கும்.

ஜனவரி 7, செவ்வாய்

வார்டில் டிஜிட்டல் வெப்பமானி கெட்டுவிட்டது. அக்குளில் வைத்தால் காய்ச்சல் அளந்து முடிந்ததும் சத்தம் கொடுக்க வேண்டும். கொடுப்பதில்லை. ஒரு மாதத்தில் இது மூன்றாவது. குப்பைக் கூடையில் போட்டேன். சிஸ்டர் அமலோற்பவம் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். பாதரச வெப்பமானியை ஒழித்தவர்களைத் தேடிப்பிடித்து அவர்கள் அக்குளில் இதை வைக்க வேண்டும்.

வீட்டில் வாஷிங் மெஷின். துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடும் என்று சொல்லி விற்றான். பாடவில்லை. துணி மூன்று மணி நேரம் ஈரத்தோடு கிடந்து நாற்றம். மனைவி வசந்தாமணி கோயிலிலிருந்து வந்து கேட்டாள்: "ஏனுங்க, பக்கத்துலயேதான உக்காந்திருந்தீங்க?"

இருந்தேன். அது பாடியிருந்தால் எடுத்திருப்பேன்.

ஜனவரி 8, புதன்

ரவுண்ட்ஸ். எட்டாவது படுக்கைப் பெண்மணிக்கு வால்வு சுருக்கம். கனத்த உருட்டுச் சத்தம், பாலத்தின்மேல் கூட்ஸ் வண்டி போவதுபோல. பி.ஜி. மாணவர்கள் ஐந்து பேரையும் வரிசையாகக் கேட்கச் சொன்னேன். ஐவரும் "எஸ் சார்."

இரண்டாமாண்டு விக்னேஸ்வர் கேட்டபோது கவனித்தேன். ஸ்டெதஸ்கோப்பின் ஒரு முனை காதில். மறுமுனை கன்னத்தில்.

"கேக்குதாப்பா?"

"நல்லாக் கேக்குது சார்."

கன்னத்தால் கேட்கிற தலைமுறை.

நான் சொன்னால் ஆமாம் என்கிறார்கள். எனக்குக் கேட்டது என்பதால் அவர்களுக்கும் கேட்கிறது. இதை ஒருநாள் நிரூபிக்க வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

புது நோயாளி. தங்கமுத்து, முப்பத்து நான்கு வயது, ஆனைமலையில் தேங்காய் ஏற்றும் டெம்போ ஓட்டுகிறார். மூன்று வாரமாகக் காய்ச்சல். ஊர் கிளினிக்கில் ஊசிமேல் ஊசி போட்டு இனி தங்கள் கையில் இல்லை என்றதும் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். மெலிந்திருக்கிறார். கூட மனைவி மகேஸ்வரி, கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குப்போசி, அதில் யாரும் குடிக்காத கஞ்சி.

நானே நெஞ்சில் வைத்துக் கேட்டேன். லப், டப். சுத்தம். வேறெதுவும் இல்லை.

நீடித்த காய்ச்சலுக்கு டைபாய்டு, காசநோய், மற்றவை. ரத்தப் பரிசோதனைகள் எழுதினேன். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எழுதவில்லை. எங்கள் யூனிட்டின் சட்டம் அது: காதால் கேட்டதை எழுதாமல் யாரும் எக்கோ கேட்கக் கூடாது. ஒன்றும் கேட்கவில்லையென்றால் எக்கோ இல்லை. பக்கத்து யூனிட்டில் நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எக்கோவுக்கு எழுதிவிடுகிறார்கள்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று நிரூபித்தேன். முழுவதுமாக எழுதிவைக்கிறேன்.

தங்கமுத்துவின் படுக்கை. காலை ஒன்பதரை. மறுபடி ஒருமுறை நெஞ்சில் வைத்தேன். நேற்றுபோலவே சுத்தம். வேண்டுமென்றே நிமிர்ந்து, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, சொன்னேன்: "மர்மர் இருக்கு. ரெண்டாவது சத்தத்துக்கு அப்புறம், ரொம்ப மெலிசா. எல்லாரும் கேளுங்க."

மிக மெல்லிய மர்மர் அது, பிடிக்கவே கடினமானது. நாள்பட்ட காய்ச்சல்காரரிடம் எல்லோரும் தேடுவதும் அதையே. இதய வால்வில் கிருமி தொற்றினால் வால்வு கசிந்து அந்தச் சத்தம் வரும். எனவே ஆடுகள் எளிதாக விழும்.

கௌசிகா முதலில். "இருக்கு சார். கேக்குது சார்."

விக்னேஸ்வர், இம்முறை இரண்டு முனையும் காதில். "கிளாசிக்கல் சார்."

முதலாண்டு இருவர் சேர்ந்தே "எஸ் சார்." ஒருவனுடைய ஸ்டெதஸ்கோப் இன்னும் சட்டைப் பையில் இருந்தது.

கடைசியில் ரஹ்மத் நிஷா. உடுமலைப் பெண், அதிகம் பேசாதவள். அவள் ஒருத்தியாவது இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். தங்கமுத்துவை எழுந்து உட்காரச் சொன்னாள். முன்னால் சாயச் சொன்னாள். மூச்சை முழுதாக விட்டு நிறுத்தச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள். வார்டே காத்திருந்தது.

"இருக்கு சார். இடது பக்கம், மூணாவது விலா இடைவெளி. சாஞ்சு மூச்ச விட்டாத்தான் வருது. ஆரம்பிச்சதுமே தேஞ்சு போயிருது."

பாடப்புத்தகம், பக்க எண் மட்டும்தான் பாக்கி. மற்றவர்கள் பொய் சொன்னார்கள், இவள் பொய்க்குச் சரிகை வைத்துத் தைத்தாள்.

"அங்க ஒண்ணுமே இல்ல" என்றேன். "நானாச் சொன்னது."

அமைதி. இந்த அமைதிக்காகவே இருபத்தாறு ஆண்டு காத்திருந்தேன் என்று தோன்றியது.

விக்னேஸ்வர்: "எனக்கும் கொஞ்சம் டவுட்டாத்தான் இருந்துச்சு சார்."

கௌசிகா: "சாரி சார். பக்கத்து பெட்டுல இருமினாங்க, அதுன்னு நினைக்கறேன்."

முதலாண்டு இருவரும் எதற்கு என்றே தெரியாமல் "சாரி சார்."

தங்கமுத்து சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங் சார், இப்ப எனக்கு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"உங்களுக்கு இல்லப்பா. மூளை இவங்களுக்குத்தான் இல்ல."

சிரித்தார். நல்ல மனிதர்.

நிஷா நகரவில்லை. "எனக்குக் கேட்டுது சார்."

"நான் சொல்லியிருந்தா உனக்கு அங்க நாதஸ்வரமே கேட்டிருக்கும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே எழுதியிருந்தாள். அந்த வரியை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் எழுதினேன்: மர்மர் இல்லை. கையெழுத்து. தேதி.

நல்ல நாள்.

ஜனவரி 11, சனி

நிஷா என் அறைக்கு வந்தாள். கையில் எக்கோ படிவம்.

"நம்ம சட்டம் உனக்குத் தெரியுமில்ல?"

"கேட்டத எழுதிட்டுத்தான் சார் கேக்கறேன்."

"எழுதினத நான் அடிச்சாச்சு."

அவள் படிவத்தை நான்காக மடித்தாள். "அவரு சம்சாரம் சொன்னாங்க சார். ஒன்றரை மாசம் முன்னாடி பல்லு புடுங்கியிருக்காரு. அதுக்கப்புறந்தான் காய்ச்சல்."

பல் பிடுங்கிய இடத்திலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் போய் உட்காரும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். எனக்கே திருப்பிச் சொல்கிறாள். ஊரில் பாதிப் பேர் பல் பிடுங்கிக்கொள்கிறார்கள். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்சர் முடிவு வரட்டும் என்றேன்.

வெளியே போகும்போது ஏதோ சொன்னாள். இந்தக் காலத்துப் பெண்கள் எல்லாமே வாய்க்குள் பேசுகிறார்கள்.

ஜனவரி 12, ஞாயிறு

மகள் சிந்துஜா பெங்களூரிலிருந்து வந்தாயிற்று. வந்ததும் டிவி சத்தத்தைக் குறைத்தாள். குறைத்த பிறகு அது டிவி இல்லை, மீன்தொட்டி.

பொங்கல் விடுமுறைக்கு வால்பாறை. யாருடைய யோசனை என்று கேட்டால் எல்லோரும் என்னுடையது என்கிறார்கள்.

ஜனவரி 14, செவ்வாய். வால்பாறை

நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஒரு புகைப்படம். பொங்கலைத் தேயிலைத் தோட்ட பங்களாவின் கேஸ் அடுப்பில் வைத்தார்கள். பொங்கி வழிவதைக்கூட இரண்டு முறை எடுத்தார்கள், முதல்முறை வெளிச்சம் சரியில்லையாம்.

இங்கே சில்வண்டுகளே இல்லை. ஆறேழு ஆண்டுக்கு முன் வந்தபோது சாயங்காலமானால் காதை அடைக்கும். பூச்சி மருந்து அடித்து அடித்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டார்கள். மேனேஜரிடம் சொன்னேன். "அப்படீங்களா சார்" என்று வராந்தாவை ஒரு பார்வை பார்த்தார். தோட்டத்தைப் பற்றிக் குறை சொன்னால் இவர்கள் முகம் இப்படித்தான் ஆகும்.

ஜனவரி 15, புதன். வால்பாறை

காலை நடை. சிந்துஜா போனைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள், சூடம் காட்டுவதுபோல. பறவை கத்தினால் பெயர் சொல்லும் செயலியாம். திரையில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்தம் வந்தால் அதில் கறுப்பாகக் கீறல் விழும். கீழே பெயர் வரும்.

செண்பகம் என்றது. சரி, எனக்கும் கேட்டது. குக்குறுவான் என்றது. சரி. அப்புறம் நடந்தது மோசடி. ஒன்றுமே கத்தாதபோது தேன்சிட்டு என்றது. வெள்ளைக்கண்ணி என்றது. மறுபடி தேன்சிட்டு. பட்டையின் மேல் விளிம்பில் மெல்லிய கீறல்கள், தானே கிறுக்கிக்கொள்கிறது.

"கூட நடக்கறவங்க சந்தோசப்படட்டும்னு பேரா அடுக்குது" என்றேன்.

"இல்லப்பா. அந்தா, செம்பருத்திச் செடில."

செடி இருந்தது. அதில் ஒரு சிட்டு வாயைத் திறந்து மூடியது. கத்தவில்லை.

வசந்தாமணி நின்றுவிட்டாள். போனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். "கத்துதுங்க" என்றாள். மெதுவாக, உள்ளே படுத்திருக்கிற நோயாளிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வராந்தாவில் பேசுகிற உறவினர்களைப்போல.

கூட்டுச் சதி. அம்மாவும் பெண்ணும் சேர்ந்தால் எதையும் கேட்பார்கள்.

நிஷாவிடமிருந்து செய்தி: தங்கமுத்துவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, கல்சரில் ஒன்றும் வளரவில்லை, ஏற்கெனவே போட்ட ஊசிகளால் இருக்கலாம், எக்கோ எடுக்கலாமா சார்.

இப்போது கொடுப்பதையே தொடரவும் என்று அனுப்பினேன்.

ஜனவரி 16, வியாழன்

திரும்பும் வழியில் சிந்துஜா: "அப்பா, எங்க ஆபீஸ் பக்கத்துல ஒரு ஆடியாலஜிஸ்ட் இருக்காங்க. சும்மா ஒருக்கா."

என் வண்டியில் என் பெட்ரோலில் எனக்கே வைத்தியம். கேட்காதமாதிரி இருந்துகொண்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் தங்கமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தார். கையைப் பிடித்தபோது நகங்களைப் பார்த்தேன். நகத்தின் அடியில் மெல்லிய சிவப்புக் கோடுகள், மரச்சிராய் ஏறியதுபோல. மூன்று விரல்களில். வால்விலிருந்து கிருமித் துணுக்குகள் உடைந்து ரத்தத்தோடு போய் அடைத்துக்கொள்வதால் வருபவை. எத்தனை மாணவர்களுக்குக் காட்டியிருப்பேன்.

தேங்காய் தூக்குகிற கை, சிராய் ஏறியிருக்கும் என்று அரை நிமிடம் நினைத்தேன். அந்த அரை நிமிடத்தையும் எழுதிவைக்கிறேன்.

ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். சாயச் சொன்னேன், மூச்சை விடச் சொன்னேன், நிஷா செய்ததுபோலவே. லப், டப். சுத்தம். ஆலையை மூடிய பிறகு ஆலைக்குள் நின்றால் இருக்கும் சுத்தம்.

மதியம் இரண்டரை. பி.ஜி. மாணவர்கள் வகுப்பில். பீரோவைத் திறந்து அந்த வட்டை எடுத்தேன். போனோடு இணைப்பதற்குக் கால் மணி நேரம். பிறந்த தேதி, மின்னஞ்சல், ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

மகேஸ்வரி எழுந்து நின்றாள். "என்னங் சார் இது?"

"புது மிஷின்மா. சும்மா பாக்கறேன்."

நெஞ்சில் வைத்தேன். திரையில் சாம்பல் பட்டை ஓட ஆரம்பித்தது.

அதே பட்டை.

லப்புக்கு ஒரு கறுப்பு மேடு. டப்புக்கு இன்னொன்று. இரண்டும் எனக்குக் கேட்டவை. டப்புக்குப் பின்னால், எனக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில், மேல் பக்கமாக ஒரு மெல்லிய கீறல். ஆரம்பித்ததும் தேய்ந்து போகிறது. மறுபடி. மறுபடி. ஒவ்வொரு துடிப்புக்கும், செம்பருத்திச் செடியில் வாயைத் திறந்து மூடிய அந்தச் சிட்டுபோல.

"நல்லா இருக்குதுங்களா சார்?" என்றாள் மகேஸ்வரி.

எக்கோ படிவத்தை நானே எழுதினேன். "காதால் கேட்டது" என்ற இடத்தைக் காலியாக விட்டேன். என் சட்டப்படி அந்தப் படிவம் செல்லாது.

நான்கு மணிக்கு முடிவு. வால்வில் கிருமிக் கட்டி. கசிவு. வால்வுக் கிருமிக்கான ஊசி மருந்தை உடனே தொடங்கச் சொன்னேன். இதய அறுவை நிபுணர் பாஸ்கர தாஸ் நாளை காலை வருகிறார்.

சாயங்காலம், வீடு. ஒரு வழி இருக்கிறது. நல்ல வழி. இந்த நோயில் மர்மர் புதிதாக முளைப்பதுண்டு, நேற்று இல்லாதது இன்று இருக்கும். "17ஆம் தேதி, புதிய மர்மர்" என்று ஒரு வரி. பத்தாம் தேதி நான் எழுதிய சிவப்பு வரியும் பொய்யாகாது. எந்தப் புத்தகமும் என்னோடு நிற்கும். ஒரே ஒரு பெண் மட்டும் வேறு சொல்வாள், அவள் வரியைத்தான் அடித்தாயிற்றே.

வசந்தாமணி ஏதோ கேட்டாள். மூன்றாவது முறை என் முகத்துக்கு நேரே வந்து கேட்டபோதுதான் புரிந்தது. காபியா, டீயா.

ஜனவரி 18, சனி

பாஸ்கர தாஸ் நின்றுகொண்டே கேஸ் ஷீட்டைப் புரட்டினார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எனக்கு ஒரே ஒரு விஷயம் வேணும் சார். இந்த மர்மர் எப்ப வந்தது? இந்த ரெண்டு மூணு நாள்ல புதுசா வந்திருந்தா வால்வு வேகமாக் கிழிஞ்சுட்டு இருக்குன்னு அர்த்தம். இன்னைக்கே நெஞ்சத் தொறக்கணும். இந்தக் காய்ச்சல்லயே. ரிஸ்க் அதிகம். ஒரு வாரத்துக்கு மேல இருக்கற கசிவுன்னா மருந்து கொடுத்துக் கிருமிய அடக்கிட்டு நிதானமாப் பண்ணலாம். மூச்சு வாங்கறதும் காலைலயிருந்து கொறஞ்சிருக்கு. பொழைக்க வாய்ப்பு ரொம்ப நல்லாருக்கும்." பக்கத்தைத் தட்டினார். "பத்தாம் தேதி இல்லைன்னு நீங்களே சிவப்புல எழுதியிருக்கீங்க. அப்ப புதுசுதான?"

தங்கமுத்து என்னைப் பார்த்தார். மகேஸ்வரி தூக்குப்போசியின் மூடியைத் திறந்து மூடினாள். பின்னால் ஐந்து பேர்.

"பத்தாம் தேதியே இருந்தது" என்றேன்.

"யார் கேட்டது?"

திரும்பினேன். "அன்னைக்கு அஞ்சு பேரும் கேக்குதுன்னு சொன்னீங்க. நிஜமா யாருக்குக் கேட்டது?"

நான்கு ஜோடிக் கண்கள் என் முகத்தில் மேய்ந்தன. எந்தப் பதில் வேண்டும் என்று தேடின. எத்தனை ரவுண்ட்ஸில் இந்தக் கண்களைப் பார்த்திருக்கிறேன், மரியாதை என்று நினைத்துக்கொண்டு.

"என் மூஞ்சில பதில் இல்ல. எனக்கு அன்னைக்குக் கேக்கல. நேத்தும் கேக்கல. இருக்கற சத்தத்தத்தான் இல்லைன்னு நெனச்சு உங்களுக்குப் பொறி வெச்சேன். என் காது போயிருச்சு."

சொல்லிவிட்டேன். வார்டில் மின்விசிறி சுற்றியது. அதன் கிறீச்சும் ஒருவேளை மற்றவர்களுக்குக் கேட்டிருக்கும்.

விக்னேஸ்வர் தொண்டையைச் செருமினான். "எனக்கும் கேக்கல சார்."

"எனக்கும் சார்" என்றாள் கௌசிகா.

முதலாண்டு இருவர் சேர்ந்தே: "எங்களுக்கும் சார்."

சிரிப்பு வந்தது. வெறுப்போடுதான் வந்தது, ஆனால் இந்தமுறை போய்ச்சேர இடம் கிடைக்காமல் என்னிடமே திரும்பிவிட்டது. செவிடாகிப் போன ஒருவனோடும் ஒத்துப்போகிறார்கள். வேறு எந்த ஆசிரியரிடம் கற்றார்கள்? இருபத்தாறு ஆண்டு.

"எனக்குக் கேட்டுது சார்" என்றாள் நிஷா. நான்காக மடித்த எக்கோ படிவம் அவள் கோட்டுப் பையிலேயே இருந்தது. பிரித்துக் கொடுத்தாள். பதினொன்றாம் தேதி போட்டு எழுதியிருந்தாள்: இடது பக்கம், மூன்றாவது இடைவெளி, முன்னால் சாய்ந்து மூச்சை விட்டால் கேட்கிறது, முதலில் கேட்டது 10ஆம் தேதி.

பாஸ்கர தாஸ் தன் ஸ்டெதஸ்கோப்பை அங்கேயே வைத்துக் கேட்டார். நேரம் எடுத்தார். "இப்பவும் அதே மாதிரிதான். கூடல." படிவத்தைக் கேஸ் ஷீட்டில் செருகினார். "இன்னைக்குத் தொறக்கல. ஊசி போகட்டும். தினமும் கேட்டு எழுதுங்க, ஒரு துளி மாறினாலும் எனக்கு போன் பண்ணுங்க." பிறகு, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல், "யார் கேப்பீங்க?"

"அவங்க" என்று நிஷாவைக் காட்டினேன்.

தங்கமுத்து: "அப்ப எனக்கு இருக்குதுங்களா சார்?"

"இருக்குதுப்பா. அன்னைக்கே இருந்துச்சு. இந்தம்மா சொன்னதுதான் சரி."

"அன்னைக்கு நானும் எல்லார்கூடயும் சேந்து உங்களப் பாத்துச் சிரிச்சுட்டனுங்களே" என்று நிஷாவிடம் சொன்னார். அவள் அவருடைய தலையணையைச் சரிசெய்தாள்.

கேஸ் ஷீட்டில் என் சிவப்பு வரியை அடித்தேன். அவள் வரியின்மேல் நான் போட்ட கோட்டை அழிக்க முடியாது. பக்கத்தில் எழுதினேன்: இது சரி. அடித்தது தவறு. கையெழுத்து. தேதி.

ஜனவரி 20, திங்கள்

காது, மூக்கு, தொண்டைப் பிரிவு. டோக்கன் எண் 14. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்றார்கள். ரொம்ப நேரம் அமுக்க வேண்டியிருக்கவில்லை. கனத்த சத்தமெல்லாம் கேட்கிறது, மெலிந்த கீச்சுச் சத்தங்கள்தான் போய்விட்டனவாம்.

ஜனவரி 22, புதன்

பீரோ திறந்திருக்கிறது. வட்டு வார்டு மேசையில். தாளாளர் வந்து பார்த்து மகிழ்ந்தார். "பாத்தீங்களா டாக்டர், நான் சொன்னனுங்களே." இதுவும் என் தண்டனையில் சேர்ந்ததுதான்.

யூனிட்டின் புதுச் சட்டம்: ரவுண்ட்ஸில் நான் கடைசியாகக் கேட்பேன். எல்லோரும் தாங்கள் கேட்டதைத் தனித்தனியாக எழுதிச் சிஸ்டரிடம் கொடுத்த பிறகு. முதல் நாள் விக்னேஸ்வரின் தாள் வெறுமையாக வந்தது. அவன் எழுதியதிலேயே நேர்மையானது.

ஜனவரி 29, புதன்

பன்னிரண்டு நாள் ஊசி. தங்கமுத்து எழுந்து ஜன்னல்வரை நடந்தார். மர்மர் கூடவில்லை என்று தினமும் நிஷாவின் கையெழுத்து. அறுவை சிகிச்சை அடுத்த மாதம், நிதானமாக. மகேஸ்வரியின் தூக்குப்போசி முதல்முறை காலியாக இருந்தது.

காய்ச்சல் பார்க்க வெப்பமானியை நானே அக்குளில் வைத்தேன். வைத்துவிட்டு நின்றேன்.

"சிஸ்டர், சத்தம் வந்ததும் சொல்லுங்க."

சிஸ்டர் அமலோற்பவம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மூணு வருசமா நான்தான சார் அத எடுத்துக் கொடுத்துட்டு இருக்கேன். நான் பக்கத்துல இல்லாத நேரத்துலதான் அதெல்லாம் கெட்டுப்போகும்."

"குப்பைல போட்டது?"

இழுப்பறையைத் திறந்து காட்டினார். இரண்டு, பஞ்சில் சுற்றி. மூன்றாவது, தங்கமுத்துவின் அக்குளில் இருந்தது.

"இப்ப சார்" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். 98.4.